லைப்ரரிக்காரிக்கு மேடை

தனக்கொடி: அசையாத நில்லுடி. ஒரு மடிப்பு எடுக்கறதுக்குள்ள நாலு வாட்டி திரும்பற.

பிரியா: கழுத்துகிட்ட குத்துதுக்கா. ஜரிகை...

தனக்கொடி: குத்தத்தான் செய்யும். பட்டு இன்னா நைட்டியா? இந்தப் புடவைய எடுத்தப்ப நீ இந்த வூட்டுக்கே வரல. வருசா வருசம் பீரோவுலேர்ந்து எடுத்து, காத்தாட போட்டு, திரும்ப மடிச்சி வெச்சிருந்தன். நீ மேடை ஏற்றதுக்குன்னே வெச்சிருந்தன் போல. கையத் தூக்கு.

பிரியா: மனசு இல்லன்னா வேணாம்க்கா. நான் என் காட்டன் புடவையே கட்டிக்கறன்.

தனக்கொடி: கட்டிக்கோ. அப்பறம் நம்ம மாமியா தெரு முழுக்க சொல்லும். சின்ன மருமவளுக்கு விருது குடுக்கறாங்க, பெரிய மருமவ ஒரு புடவ குடுக்கல, வயித்தெரிச்சல் புடிச்சவன்னு.

பிரியா: அத்தை அப்பிடியெல்லாம் சொல்ல மாட்டாங்க.

தனக்கொடி: உன்ன சொல்லாது. நேத்து பால் ஊத்த வந்த பொம்பளகிட்ட இன்னா சொல்லிச்சி தெரியுமா? 'டாக்டருங்களுக்கே தெரியாதத எங்க சின்னது தேடி சொல்லிச்சி'ன்னு. போன மாசம் வரைக்கும் அது சொன்னது இன்னா? 'பெரியவ நர்ஸு. சின்னவளும் அதே ஆஸ்பத்திரிதான், சும்மா லைப்ரரில இருக்குது.' சும்மா. அந்த சும்மாவ எங்க கொண்டுபோய் போட்டுச்சின்னு தெரியல.

பிரியா: வேலைக்கு சேந்த நாளா அந்த சும்மாவ நான் கேட்டுனுதான் இருந்தன். அப்ப யாருக்கும் வலிக்கல.

தனக்கொடி: இன்னா முணுமுணுக்கற?

பிரியா: மடிப்பு நல்லா வருதுன்னன்.

தனக்கொடி: வரும். பதினேழு வருசமா பெட்ஷீட்டு மடிக்கறன் இல்ல? அதுக்கெல்லாம் எந்த மேடையில இன்னா குடுக்கறாங்க? இந்தப் பக்கம் திரும்பு.

ராமு: ஆச்சா இல்லியா? எவ்ளோ நேரமா வாசல்ல நிக்கறது?

தனக்கொடி: உன் வூட்டுக்காரனுக்கு அவசரத்தப் பாரு. அவன் பொண்டாட்டிக்குத்தான் கட்டிவிட்டுனு இருக்கறன், அதுக்குள்ள கதவு தட்றான். வண்டியத் தொடச்சியா ராமு?

ராமு: தொடச்சாச்சி அண்ணி. அண்ணன் புதுச் சட்ட போட்டுனு முன் சீட்டுல ஏறி உக்காந்துடுச்சி. நீங்களும் கெளம்புங்க, எல்லாம் ஒண்ணா போய்ட்டு வந்துடலாம்.

தனக்கொடி: நான் வரல. தல வலிக்குது.

பிரியா: காலைல கேட்டப்ப கால் வலின்னு சொன்ன.

தனக்கொடி: காலும் வலிக்குது, தலையும் வலிக்குது. நின்னுனே வேல செய்யறவளுக்கு எல்லாந்தான் வலிக்கும். உக்காந்து பொஸ்தகம் பொரட்டனா வலிக்காது.

ராமு: அண்ணி, நீங்க இல்லாத போனா நல்லாருக்காது. உங்க ஆஸ்பத்திரி...

தனக்கொடி: நீ போய் வண்டில இரு ராமு. கொஞ்ச நேரத்துல அனுப்பறன். பட்டு கட்றது இன்னா கரும்புக்கு தோகை உரிக்கறதா?

பிரியா: போயிட்டாரு. வாயேன்க்கா. ரெண்டு நாளா வூட்லயேதான் இருக்கற. டூட்டி ஆஃப சேத்து எடுத்துனியா?

தனக்கொடி: ஆமா. சேத்துதான். ஏன், அது கூட உன்ன கேட்டு எடுக்கணுமா?

பிரியா: உடம்புக்கு ஏதாச்சும்னு கேட்டன்.

தனக்கொடி: உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நான் அங்க வந்து இன்னா பண்றது? பின்வரிசையில உக்காந்து கை தட்டறதா? என்கூட வேல செய்யறவளுங்க திரும்பித் திரும்பி என் மூஞ்சியப் பார்ப்பாளுங்க. 'உங்க ஓரகத்தியாமே'ன்னு கேப்பாளுங்க. ஆமாங்கன்னு பல்லக் காட்டணும். சரி, மேடையில இன்னா பேசப் போற? சொல்லு கேக்கறன்.

பிரியா: இப்பவா?

தனக்கொடி: மனப்பாடம் பண்ணினுதான இருந்த. காலைல பாத்திரம் தேய்க்கச்சே கூட வாய் அசைஞ்சினு இருந்துச்சி.

பிரியா: சிரிக்கக் கூடாது.

தனக்கொடி: சிரிக்கற நெலமையில நான் இல்ல. சொல்லு.

பிரியா: 'அனைவருக்கும் வணக்கம். மருத்துவமனை என்றால் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்துகள், இவைதான் நம் நினைவுக்கு வரும்...'

தனக்கொடி: செவிலியர சொல்லிட்ட. பரவால்ல.

பிரியா: குறுக்க பேசாதக்கா, மறந்துடுது. 'நூலகம் நினைவுக்கு வராது. அங்கே ஒரு ஆள் இருப்பது பலருக்குத் தெரியாது. சென்ற மாதம், சுத்துக்கேணியைச் சேர்ந்த தணிகைவேல் என்ற தொழிலாளி, மல்லித் தோட்டத்தில் மருந்து அடித்தபோது மயங்கி விழுந்து, இங்கே கொண்டுவரப்பட்டார். உதடும் நகமும் நீலமாக இருந்தன. என்ன மருந்து என்று அவர் மனைவிக்குச் சொல்லத் தெரியவில்லை. பாட்டிலில் பேர் அழிந்திருந்தது. அப்போது வார்டிலிருந்து நூலகத்துக்கு ஒரு தகவல் வந்தது...'

தனக்கொடி: எங்கேர்ந்து?

பிரியா: வார்டுலேர்ந்து.

தனக்கொடி: வார்டுலேர்ந்து. வார்டுக்கு வாய் இருக்குதா?

பிரியா: அக்கா...

தனக்கொடி: வார்டுக்கு கை இருக்குதா, போன் இருக்குதா? கட்டிலும் நாக்காலியும் எழுந்து வந்து உனக்கு சேதி சொல்லிச்சா?

பிரியா: சுருக்கமா பேசணும்னாங்கக்கா. ரெண்டு நிமிசம்தான் எனக்கு.

தனக்கொடி: தனக்கொடின்னு சொல்ல எவ்ளோ நேரம் ஆவும்? ரெண்டு நிமிசம் ஆவுமா?

பிரியா: நீ சேஃப்டி பின்ன வாய்ல வெச்சினு பேசாத. முழுங்கிடப் போற.

தனக்கொடி: முழுங்கனா நீ தேடிக் குடு, பின்ன முழுங்கனவளுக்கு இன்னா வைத்தியம்னு. அதுக்கும் ஒரு விருது குடுப்பாங்க உனக்கு.

பிரியா: அந்த மாதிரி பேசாதக்கா. நீ போன் பண்ணது எனக்கு மறக்குமா?

தனக்கொடி: மறக்கலன்னா ஏன் சொல்லல? அன்னிக்கி அந்தாள ஸ்ட்ரெச்சர்ல தள்ளினு வரச்சே மொதல்ல பார்த்தது யாரு? அன்புராஜ் டாக்டரு ரெண்டு கையும் அந்தாள் மேல வெச்சினு இருக்கறாரு. அவன் பொண்டாட்டி காலிப் பாட்டில புடிச்சினு மூலையில நிக்குது. 'டேங்கு ஒழுவி முதுகெல்லாம் நனஞ்சிடிச்சி, பூ நெறைய புடிக்கற மருந்து'ங்குது, அதுக்கு மேல ஒண்ணும் தெரியல. அந்தப் பாட்டில பார்த்த ஒடனே எனக்கு திக்குன்னுச்சி. நம்ம கத்திரிக்கா தோட்டத்துல ராமு அடிச்சானே, அதே மாதிரி பாட்டிலு. பேரு மட்டும் நாக்குல வரல. யாருக்குடி போன் பண்ணன்? உனக்குத்தான பண்ணன்?

பிரியா: எனக்குத்தான். 'பிரியா, பூ மருந்து, ஒதடு நீலமாயிடிச்சி, இன்னான்னு பாரு.' அவ்ளோதான். வெச்சிட்ட. அடுத்தது போட்டோ வந்துச்சி.

தனக்கொடி: வேற எப்பிடி பேசுவாங்க? நலம் விசாரிச்சிட்டு பேசுவாங்களா?

பிரியா: நான் குத்தம் சொல்லலக்கா. பூ மருந்துன்னு போட்டா கூகுள்ல இன்னா வரும் தெரியுமா? கடக்காரன் விளம்பரம். கொத்துக் கொத்தா பூவு. எந்த ஆளுக்கு இன்னா ஆச்சின்னு ஒருத்தனும் போட மாட்டான். டாக்டருங்க எழுதி வெக்கற எடம் வேற. அதுல தேடறதுக்கு சரியான வார்த்த வேணும். தப்பு வார்த்த போட்டா ஆயிரக்கணக்குல வந்து குமியும், ஒண்ணும் உதவாது. அதான் திருப்பி உனக்கு போன் பண்ணன்.

தனக்கொடி: வாசன எப்பிடி இருக்குதுன்னு கேட்ட. எனக்கு கோவம் வந்துச்சி. ஆளு சாவக் கெடக்கறான், இவ வாசனைய கேக்கறாளேன்னு.

பிரியா: ஆனா சட்டையத் தூக்கி மோந்து பார்த்து சொன்ன இல்ல?

தனக்கொடி: பூட் பாலிஷ் வாசன. ஸ்கூல்ல வெள்ளிக்கெழம ஆனா போடுவமே, அந்த மாதிரி.

பிரியா: அந்த ஒரு வார்த்ததான்க்கா. பூட் பாலிஷ்னு நீ சொன்னப்பறம்தான் எனக்கு வழியே தெரிஞ்சிது. அந்த வாசன, பூ மருந்து, நீல ஒதடு, மூணையும் சேத்துப் போட்டன். இதே மாதிரி தோட்டத்துல விழுந்த ஆளுங்கள பத்தி வேற வேற ஊரு டாக்டருங்க எழுதனது வந்துடிச்சி. எது நம்பற மாதிரி, எது பழசுன்னு பிரிச்சி, எடுத்துனு ஓடி வந்தன்.

தனக்கொடி: செருப்பு கூட இல்லாத ஓடி வந்த. அத பார்த்தன்.

பிரியா: லைப்ரரி உள்ள செருப்பு போட மாட்டம்.

தனக்கொடி: அது எனக்கு எப்பிடி தெரியும்? நான் எங்க உள்ள வந்தன்? இத்தன வருசத்துல ஒரு நாளு கூட அந்தக் கதவ தாண்டல. உனக்கு அங்க வேல காலி இருக்குதுன்னு ஆபீஸ்ல கேட்டு சொன்னது நானு. ஆனா உள்ள இன்னா செய்யறன்னு கேட்டதில்ல. பொஸ்தகத்துக்கு நெம்பர் ஒட்டுவன்னு நெனச்சன்.

பிரியா: நெம்பரும் ஒட்டறன்தான்.

தனக்கொடி: மாமியா சொல்ற மாதிரி டாக்டருக்கு தெரியாதத நீ சொல்லல. அத மொதல்ல வூட்ல சொல்லிடு.

பிரியா: நான் எங்க அப்பிடி சொன்னன்? ரத்தம் எடுத்தப்பவே காப்பி கலர்ல இருக்குதுன்னு டாக்டருக்கு சந்தேகம் வந்துடிச்சி. மருந்தும் அவரே ஆரம்பிச்சிட்டாரு. நான் குடுத்த பேப்பர்ல முக்கியமானது அது இல்ல. அந்த வெஷம் உடம்புல கொழுப்புல போய் ஒளிஞ்சிக்கும், தெளிஞ்ச மாதிரி இருந்து மறுநாளு திரும்ப வரும்னு போட்டுருந்துச்சே, அதுதான்.

தனக்கொடி: தெரியும்டி. மறுநாளு காலைல இட்டிலி கேட்டான் அந்தாளு. சிரிக்கறான். ஜெனரல் வார்டுக்கு மாத்தலாம்னு எல்லாரும் சொன்னப்ப, அன்புராஜ் டாக்டரு உன் பேப்பரக் காட்டி, வேணாம், இங்கியே இருக்கட்டும்னாரு. சாயந்தரம் திரும்ப ஒதடு நீலமாச்சி. மூச்சு வாங்கிச்சி. அப்ப பக்கத்துல நின்னது யாரு? ஊசிய கையில ரெடியா வெச்சினு? நீ கீழ லைப்ரரில ஏசில இருந்த.

பிரியா: ஆமா. நான் கீழதான் இருந்தன்.

தனக்கொடி: அந்தாளு பொழச்சி போவச்சே அவன் வூட்டாளுங்க எல்லாரும் வாசல் வரைக்கும் வந்து, 'லைப்ரரி மேடம், லைப்ரரி மேடம்'னு உன்ன கும்புடறாங்க. நான் வீல்சேர தள்ளினு நிக்கறன்.

பிரியா: அது ஒரே ஒரு நாளுக்கா. உன்ன தெனம் கும்புடறாங்க.

தனக்கொடி: என்னையா?

பிரியா: ஆத்துப் பாலத்துகிட்ட பஸ்ஸுல ஏறனா, 'சிஸ்டர் உக்காருங்க'ன்னு எவ்ளோ பேரு எழுந்து எடம் குடுக்கறாங்க? நான் பின்னாலயே நிக்கறன், என்ன யாருன்னு தெரியாது. தெருவுல ஒரு கொழந்தைக்கு ஜொரம்னா ஆளுங்க உன்னத் தேடி வர்றாங்க. ரா முழுக்க உனக்கு போன் வருது. உன் கைய புடிச்சினு அழுவறாங்க. இத்தன வருசத்துல என் கைய யாருக்கா புடிச்சாங்க? ஒரு டாக்டருக்கு நூறு பேப்பர் தேடிக் குடுத்துருப்பன். அவரு எழுதற கட்டுரைல கடைசியா கூட என் பேரு இருக்காது. பொறாம உனக்கு மட்டும்தான் வரும்னு நெனச்சியா?

தனக்கொடி: எனக்கு பொறாமன்னு யாரு சொன்னாங்க?

பிரியா: இடுப்புல குத்தன இல்ல இப்ப, அந்தப் பின்னு சொல்லிச்சி.

தனக்கொடி: கை தவறிடுச்சி. ரத்தம் வருதா? காட்டு.

பிரியா: இல்ல, வுடு.

ராமு: பிரியா, அம்மா பூ குடுத்து அனுப்பிச்சி. கதவத் தெற.

பிரியா: இங்க நீட்டுங்க. இது இன்னா, ரெண்டு பொட்டலம்?

ராமு: பெருசு உனக்கு. சின்னது அண்ணிக்கு.

தனக்கொடி: பார்த்தியா, மொழக்கோல வெச்சி அளந்து அனுப்பிச்சிருக்குது உங்கம்மா.

ராமு: அய்யோ, எனக்கு எதுவும் தெரியாது. நான் வண்டிலதான் இருக்கறன்.

பிரியா: இந்தாக்கா, பெருச நீ வெச்சிக்க.

தனக்கொடி: வேணாம். தல வலிக்குதுன்னு சொன்னன் இல்ல. பூ வாசன ஆவாது. தலையக் காட்டு, உனக்கு வெக்கறன். சின்னதையும் சேத்தே வெச்சிடறன். ரவுண்ட்ஸ்ல வேற நடக்கப் போறியாமே?

பிரியா: யாரு சொன்னாங்க?

தனக்கொடி: வார்டு பூரா பேச்சு. காலைல டாக்டருங்க நோயாளிய பார்க்க வரச்சே லைப்ரரி மேடமும் கூட வரும், கேக்கற கேள்விய குறிச்சினு போயி தேடி குடுக்கும்னு. டாக்டர் பக்கத்துல நீ நடப்ப. பின்னால டிரேய தூக்கினு நான் நடக்கணும். வூட்ல எனக்கு அப்பறம் வந்தவ, அங்க எனக்கு முன்னால.

பிரியா: அக்கா, அந்த ரவுண்ட்ஸ் வரலன்னா நான் வூட்லதான் உக்காந்துருப்பன்.

தனக்கொடி: இன்னா சொல்ற?

பிரியா: இந்த வருசத்தோட என்ன நிறுத்தறதா இருந்தாங்க. லைப்ரரிக்கு ரெண்டு பேரு எதுக்கு, எல்லாம்தான் கம்ப்யூட்டர்ல வருதே, பொஸ்தகம் எடுத்து வெக்க ஒரு ஆள் போதும்னு முடிவு பண்ணிட்டாங்க. சேதி எனக்கு வந்துடிச்சி. யாருகிட்டயும் சொல்லல. அவருகிட்ட கூட.

தனக்கொடி: ராமுகிட்டயுமா?

பிரியா: இன்னான்னு சொல்லுவன்? சும்மா இருந்தவள சும்மா அனுப்பறாங்கன்னா? அப்பறம்தான் இந்த தணிகைவேல் விசயம் நடந்துச்சி. அன்புராஜ் டாக்டரு மீட்டிங்ல எழுந்து நின்னு, 'கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்குது சரி, அன்னிக்கி வாசன எப்பிடின்னு அந்தக் கம்ப்யூட்டர் திருப்பி கேட்டிருக்குமா'ன்னு கேட்டாராம். அவ்ளோதான். என்ன நிறுத்தல, நிரந்தரம் பண்றாங்க. விருதும் அதுக்குத்தான். இனிமே யாரும் லைப்ரரிக்கு ஒரு ஆள் போதும்னு பேசக் கூடாதுன்னு.

தனக்கொடி: வாசன கேட்டது நீ. மோந்து பார்த்தது நானு. மோந்து பார்த்தவ மீட்டிங்லயும் இல்ல, மேடையிலயும் இல்ல.

பிரியா: இல்லதான்.

தனக்கொடி: டாக்டருக்கு தெரியாது, சரி. அவரு அந்தாள பார்ப்பாரா, போன் பண்றவள பார்ப்பாரா? உனக்கு தெரியும் இல்ல? ஒரு வாட்டி, ஒரே வாட்டி, 'எங்க தனக்கொடி சிஸ்டர் கேட்டாங்க, அதான் தேடனன்'னு சொல்ல உனக்கு வாய் வரலியே. ஏன்டி? பாதிய குடுத்தா உன் பங்கு கொறஞ்சிடுமா?

பிரியா: அது இல்லக்கா.

தனக்கொடி: அப்பறம் இன்னா? சொல்லு. நீ சொல்லாத இந்த முந்தியில பின்ன குத்தமாட்டன். தொங்கவுட்டுனு மேடைக்கு போ.

பிரியா: வேணாம்க்கா. விழா முடிஞ்சி வந்து சொல்றன்.

தனக்கொடி: இப்ப சொல்லு.

பிரியா: ...நீ அனுப்பன போட்டோவுல இன்னா இருந்துச்சி?

தனக்கொடி: பாட்டிலு.

பிரியா: பாட்டிலு மட்டுமா?

தனக்கொடி: அந்தாளு ஒதடு. நீலம் எவ்ளோன்னு தெரியட்டும்னு...

பிரியா: ஒதடு தனியாவா இருந்துச்சி? முழு மூஞ்சியும் இருந்துச்சிக்கா. பின்னால கட்டில் நெம்பரு, மாட்டி வெச்ச சீட்டுல அவரு பேரு. எல்லாம் உன் சொந்த போன்லேர்ந்து என் சொந்த போனுக்கு.

தனக்கொடி: சாவக் கெடந்தான்டி அவன். போட்டோவுல இன்னா விழுதுன்னு பார்த்துனு நிப்பனா?

பிரியா: நிக்க மாட்ட. நானா இருந்தாலும் நிக்க மாட்டன். ஆனா அங்க ரூல் அப்பிடி இல்ல. நான் பண்ண முட்டாள்தனம் கேளு. டாக்டருக்கு பேப்பர் குடுக்கச்சே அந்தப் போட்டோவையும் சேத்து பிரிண்ட் எடுத்துட்டன். அது கேஸ் ஃபைல்ல போயி உக்காந்துக்கிச்சி. ரெண்டு நாளு கழிச்சி அத எடுத்துனு உங்க நர்சிங் சூப்பரின்டெண்ட் நேரா லைப்ரரிக்கே வந்துட்டாங்க.

தனக்கொடி: ஸ்டெல்லா மேடமா? உன்கிட்டயா?

பிரியா: 'நோயாளி மூஞ்சிய போன்ல எடுத்து உனக்கு அனுப்பனது யாரு? என் ஸ்டாஃபுல ஒருத்தரான்னு மட்டும் சொல்லு'ன்னாங்க. ஸ்டாஃபா இருந்தா வேலைய வுட்டு அனுப்பிடுவேன், போன வருசமும் இப்பிடி ஒரு பொண்ண அனுப்பனம்னாங்க. ஆளு பொழச்சிடுச்சே மேடம்னன். பொழச்சது வேற, இது வேறன்னாங்க.

தனக்கொடி: நீ இன்னா சொன்ன?

பிரியா: பொய் சொன்னன். அந்தாளோட பொண்டாட்டிதான் அவங்க போன்லேர்ந்து அனுப்பனாங்கன்னு சொல்லிட்டன். நெம்பர காமின்னாங்க. அழிச்சிட்டன்னன். நம்பனாங்களா தெரியல, போயிட்டாங்க. இப்ப சொல்லு, நான் மேடையில நின்னு தனக்கொடி சிஸ்டர்னு எப்பிடிக்கா சொல்றது? முன்வரிசையில அவங்கதான் உக்காந்துருப்பாங்க. இதுக்காகத்தான் மீட்டிங்லயும் சொல்லல. டாக்டரு கேட்டப்பவும் 'வார்டுலேர்ந்து யாரோ'ன்னன். அப்பறம்... முழுசா சொல்லிடறன். உன்ன காப்பாத்தத்தான் ஆரம்பிச்சன். ஆனா எல்லாரும் என் பேர மட்டும் சொன்னப்ப, எனக்கு நல்லா இருந்துச்சிக்கா. பக்கத்துல உன் பேரு இல்லாததும் நல்லா இருந்துச்சி. எங்க போனாலும் உன் பேரு மொதல்ல இருக்கும். இந்த ஒண்ணுலயாவது இல்லியேன்னு. அது தப்புதான்.

தனக்கொடி: ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல? ஒரே வூட்ல இருக்கறம். ஒரே அடுப்புல ஆக்கறம்.

பிரியா: சொன்னா நீ இன்னா பண்ணுவ? நேரா அவங்க ரூமுக்கு போவ. 'ஆமா, நான்தான் அனுப்பனன், ஒரு உசுர காப்பாத்தனது தப்பா'ன்னு சண்டைக்கு நிப்ப. உன்ன எனக்கு தெரியாதா? அதான். கொஞ்ச நாளு போவட்டும், ஆறிடும். அது வரைக்கும் யாராவது கேட்டா நீ தெரியாதுன்னு சொல்லிடு. சரியா? பொண்டாட்டிதான் அனுப்பிச்சின்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிட்டா போதும். அக்கா? ஏன் கட்டில்ல உக்காந்துட்ட? நெஜமாவே தல வலிக்குதா?

ராமு: பிரியா, நேரமாச்சி. அண்ணன் ஹாரன் அடிக்கச் சொல்லுது.

பிரியா: தோ வர்றன்... அக்கா, என்னப் பாரு. யாராவது உன்ன கேட்டாங்களா?

தனக்கொடி: யாரும் கேக்கலடி. நானா போனன். அழைப்பு பத்திரிகைல உன் பேரு மட்டும் அச்சடிச்சி நோட்டீஸ் போர்டுல ஒட்டுனாங்க பாரு, அத பார்த்துட்டு தாங்க முடியாத நேரா ஸ்டெல்லா மேடம் ரூமுக்கு போனன். போட்டோ எடுத்து அனுப்பனதே நான்தான், என் பேரையும் சேருங்கன்னு என் போன தெறந்து, உனக்கு அனுப்பனத காமிச்சன். விசாரண முடியற வரைக்கும் டூட்டிக்கு வர வேணாம்னு அனுப்பிட்டாங்க. ஆஃப்னு பொய் சொல்லினு வூட்ல உக்காந்துருக்கறன். கெளம்பச்சே மேடம் இன்னொன்னும் சொன்னாங்க... 'விழா முடியட்டும், அந்த லைப்ரரிப் பொண்ணையும் தனியா கூப்புடறன்'னு. உனக்கு இன்னும் ஏதோ குடுக்கப் போறாங்கன்னு நெனச்சி, அதுக்கும் சேத்து வயிறெரிஞ்சினு வந்தன்டி.